இரு மார்பகமும் ஒத்திருக்க: மறு அறுவை சிகிச்சையில் அளவு பார்ப்பது எப்படி?

நம் வீடுகளில் சர்க்கரை நோயைப் பற்றியும் மூட்டுவலியைப் பற்றியும் வாசலில் நின்று பேசுவோம். மார்பகம் பற்றிய பேச்சு வந்தால் பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்; ஆண்கள் எழுந்து வெளியே போய்விடுவார்கள். இந்தக் கூச்சத்தால், அறுவை சிகிச்சைக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்காமலே பல பெண்கள் மேஜையில் படுத்துவிடுகிறார்கள். ஒருமுறை செய்தது சரியாக அமையாமல் இரண்டாம் முறையும் கத்தி வைக்க நேர்ந்தால், அப்போதும் அதே மௌனம்தான்.

ரயில்வேயில் தண்டவாளம் அளந்து ஓய்வு பெற்ற டிப்ளமா இன்ஜினியருக்கு இதில் என்ன வேலை என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். மருத்துவம் டாக்டர்களின் துறை. அதில் நான் தலையிடவில்லை. ஆனால் ஏற்றத்தாழ்வான மார்பகங்களுக்குச் சிலிகோன் பை பொருத்துவதில் பாதி வேலை அளவெடுப்பதே. அளவு என்பது பெட்டியின் மேல் அச்சிட்ட எண் மட்டும் அல்ல என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

ஏற்றத்தாழ்வு ஏன் வருகிறது?

இரு கைகளும் இரு கால்களும் எப்படி நூற்றுக்கு நூறு ஒன்றுபோல் இல்லையோ, அப்படியே மார்பகங்களும். சிறு வேற்றுமை பெரும்பாலான பெண்களுக்கு இயற்கை. அதற்கு வைத்தியம் தேவையில்லை. சிலருக்குப் பருவ வயதிலேயே ஒரு பக்கம் வளர்ந்து மறு பக்கம் வளராமல் நின்றுவிடும். ஒரு பக்க மார்புத் தசையே உருவாகாமல் பிறக்கும் குறையும் உண்டு. 1841இல் ஆல்பிரட் போலண்ட் என்ற ஆங்கிலேயர் அதை விவரித்து எழுதியதால் இன்றும் அவர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். புற்றுநோய்க்காக ஒரு மார்பகத்தையோ அதன் ஒரு பகுதியையோ எடுத்தவர்கள் இன்னொரு பிரிவினர்.

இதைச் சரிசெய்யும் முயற்சி நூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. 1895இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் வின்சென்ஸ் செர்னி என்ற அறுவை நிபுணர், ஒரு பாடகியின் மார்பிலிருந்து கட்டியை அகற்றினார். இரு பக்கமும் வேறுபட்டுத் தெரியக்கூடாது என்பதற்காக, அவர் முதுகிலிருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து அந்த இடத்தில் வைத்தார். சிலிகோன் பை வந்தது 1962இல். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தாமஸ் குரோனின், பிராங்க் ஜெரோ என்ற இரு டாக்டர்கள் டிம்மி ஜீன் லிண்ட்சே என்ற பெண்மணிக்கு அதை முதன்முதலில் பொருத்தினார்கள்.

இரண்டாம் முறை ஏன்?

சிலிகோன் பை ஆயுள் முழுதும் உழைக்கும் பொருள் அல்ல. ஆண்டுகள் கூடக் கூட, மாற்ற வேண்டிய வாய்ப்பும் கூடும். உடல் தனக்கு அந்நியமான பொருளைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு கட்டும். அந்தச் சவ்வு தடித்துச் சுருங்கினால் மார்பு கல்போல் இறுகி, வலியெடுத்து, ஒரு பக்கம் மேலே ஏறிவிடும். பை கிழியலாம், இடம் நகரலாம், முதலில் வைத்த அளவே பொருந்தாமல் போகலாம்.

ஒரு பக்கம் மட்டும் பை வைத்தவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. உடம்பு பெருத்தாலும் இளைத்தாலும் இயற்கையான மார்பகம் கூடவே மாறும். பை வைத்த மார்பு அப்படியே நிற்கும். அறுவையன்று சமமாக இருந்த இரண்டும் பத்து ஆண்டு கழித்து வேறுபடுவது இதனால்தான். இது டாக்டரின் குறையும் அல்ல, நோயாளியின் குறையும் அல்ல.

எண்ணைக் கூட்டினால் போதுமா?

பையின் கொள்ளளவைச் சி.சி. கணக்கில் சொல்கிறார்கள். சிலிகோனின் அடர்த்தி தண்ணீருக்கு மிக அருகில் இருப்பதால் 300 சி.சி. பை ஏறக்குறைய 300 கிராம் எடை இருக்கும். வலது பக்கம் 100 சி.சி. குறைவு என்றால், அந்தப் பக்கம் 100 சி.சி. பெரிய பை வைத்தால் தீர்ந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். கூட்டல் கணக்கு சரிதான், ஆனால் மார்பு கூட்டல் கணக்குக்கு அடங்குவதில்லை.

தண்டவாளத்தில் ஒரு பக்கம் தாழ்ந்துபோனால் அந்தப் பக்கத்தைத் தூக்கி ஜல்லி திணித்துவிட்டு வந்துவிட முடியாது. அடியில் மண் ஏன் இறங்கியது, தண்ணீர் எங்கே தேங்குகிறது, எதிர்த் தண்டவாளம் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்க்காவிட்டால் அடுத்த மழையில் அதே இடம் மறுபடி தாழும். மார்பகத்திலும் அப்படியே. ஒரு பக்கம் சிறிதாகத் தெரிவதற்குக் காரணம் சதை குறைவாக இருக்கலாம். அடியிலுள்ள விலா எலும்புக் கூடு உள்வாங்கியிருக்கலாம். மடிப்புக் கோடு மேலே ஏறியிருக்கலாம். மறு பக்கம் தொய்ந்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் வேறு. சில சமயம் சிறிய பக்கத்தைப் பெரிதாக்குவதைவிடப் பெரிய பக்கத்தைக் குறைத்துத் தூக்கிக் கட்டுவதே சரியான வழி.

அடுத்தது அகலம். ஒரே கொள்ளளவில் அகலமான தட்டைப் பையும் உண்டு, குறுகிய உயரமான பையும் உண்டு. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். அடிப்பாகம் 11 செ.மீ. விட்டமுள்ள பைக்கும், அதே வடிவில் அதே உயரத்தில் 12 செ.மீ. விட்டமுள்ள பைக்கும் வித்தியாசம் ஒரு செ.மீ.தான். ஆனால் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, 121க்கு 144. ஆகவே கொள்ளளவு சுமார் 19 சதவீதம் கூடிவிடும். 300 சி.சி. என்பது 357 ஆகிவிடும். எண்ணை மட்டும் பார்த்து இரண்டு பக்கமும் 300 என்று எழுதிக்கொண்டாலும், ஒன்று அகலம் ஒன்று உயரம் என்றால் பார்வைக்கு இரண்டும் வேறாகவே இருக்கும்.

அமெரிக்காவின் டல்லாஸ் நகர டாக்டர் ஜான் டெபட்ஸ் 2005இல் மற்றொரு டாக்டருடன் சேர்ந்து இதற்கு ஒரு முறையை வெளியிட்டார். மார்பகத்தின் அடி அகலம் எவ்வளவு, தோல் எவ்வளவு இழுபடுகிறது, காம்பிலிருந்து கீழ் மடிப்புவரை தூரம் எவ்வளவு, பையை மூடப் போதிய கனத்தில் சதை இருக்கிறதா என்று டேப்பும் காலிப்பரும் கொண்டு அளந்த பிறகே பையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். விரலால் கிள்ளிப் பிடித்தால் மேல்பாகத்துச் சதை 2 செ.மீ.க்குக் குறைவாக இருக்குமானால், பையின் விளிம்பு வெளியே தெரியாமலிருக்கத் தசைக்கு அடியில் வைப்பதே நல்லது என்பார்கள். உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதை முதலில் அளக்க வேண்டும். ஆசைப்பட்ட எண் அதற்குப் பிறகுதான்.

மறு அறுவையில் மட்டும் வரும் சிக்கல்கள்

முதல் முறை பை வைப்பது காலி மனையில் வீடு கட்டுவது போல. மறு அறுவை பழைய வீட்டைத் திருத்துவது போல. பழைய பை பல ஆண்டு இருந்த இடம் விரிந்து போயிருக்கும். அதில் சிறிய பையை அப்படியே வைத்தால் அது பக்கவாட்டில் உருளும். ஆகவே இடத்தைத் தையலிட்டுக் குறுக்க வேண்டும். பெரிய பையின் அழுத்தத்தால் மேலிருந்த சதை மெலிந்தும் போயிருக்கும். அங்கே இன்னும் பெரியதை வைத்தால், இன்றைக்குச் சமமாகத் தெரிவது சில ஆண்டுகளில் தொய்ந்து, மூன்றாம் அறுவைக்கு வழி வைக்கும். புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சு வாங்கிய பக்கத்தில் தோல் எளிதில் இழுபடாது. சவ்வு சுருங்கும் அபாயமும் அதிகம். அவர்களுக்கு வயிறு அல்லது முதுகுச் சதையை எடுத்துச் சேர்ப்பதே பொருத்தமாக இருக்கக்கூடும். சிறு வேற்றுமைக்கு உடம்பின் கொழுப்பையே ஊசிவழி நிரப்புவதும் உண்டு. அதில் ஒரு பகுதி கரைந்துவிடுவதால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை செய்ய நேரிடலாம்.

இத்தனை அளந்தும் கடைசி முடிவு மேஜையில்தான். கவனமுள்ள டாக்டர்கள் மாதிரிப் பைகளை உள்ளே வைத்து, மயக்கத்தில் இருக்கும் நோயாளியை மேஜையோடு நிமிர்த்தி உட்கார்ந்த நிலையில் பார்த்த பிறகே நிரந்தரப் பையைத் திறப்பார்கள். எனவே பக்கத்துக்கு ஓர் அளவு மட்டுமின்றி, முன்னும் பின்னும் இரண்டு மூன்று அளவுகள் தயாராக இருக்குமா என்று முன்கூட்டியே கேட்பது நியாயமான கேள்வி. வீட்டில் எப்படியிருக்கும் என்று பார்க்க விரும்புவோர், மெல்லிய துணிப்பையில் அரிசியை அளந்து நிரப்பி, உள்ளாடைக்குள் வைத்து ஒரு நாள் நடமாடிப் பார்க்கலாம். மேலை நாடுகளிலும் பெண்கள் இப்படிச் செய்கிறார்கள். இது எடையை உணர உதவும். டாக்டரின் அளவுக்கு மாற்றாகாது.

பழைய காகிதத்தின் மதிப்பு

சுரங்கங்கள் ஓடிய காலத்தில் சாம்பியன் ரீப்ஸ் கம்பெனி ஆஸ்பத்திரியிலேயே நம்மவர்களின் வைத்தியம் முடிந்துவிடும். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு பெரிய வைத்தியம் எல்லாவற்றுக்கும் சாம்பியன் ஸ்டேஷனில் ரயிலேறிப் பெங்களூர் போகிறோம். அல்லது வேலூர் போகிறோம். முதல் அறுவை ஓர் ஊரில், இரண்டாவது வேறோர் ஊரில் என்று ஆகிவிடுகிறது. புதிய டாக்டருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய ஒரே வழி பழைய காகிதம்தான். கம்பெனி பெயர், மாடல், கொள்ளளவு, அகலம், வரிசை எண், தசைக்கு மேலா கீழா, எந்தத் தேதி ஆகிய விவரங்கள் அடங்கிய அட்டையையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் ரேஷன் கார்டு போலப் பத்திரப்படுத்த வேண்டும்.

இது அளவுக்காக மட்டுமல்ல. பிரான்சின் பி.ஐ.பி. கம்பெனி மருத்துவத் தரமில்லாத சிலிகோனைப் பைகளில் அடைத்தது 2010இல் வெளிப்பட்டது. அதன் நிறுவனருக்கு 2013இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சொரசொரப்பான மேற்பரப்புள்ள பைகளோடு ஓர் அரிய வகை நிணநீர்ப் புற்றுநோய்க்குத் தொடர்பு தெரிந்ததால், 2019 ஜூலையில் அலர்கான் கம்பெனி தன் பையோசெல் வகைப் பைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. தன் உடம்பில் எந்த வகை இருக்கிறது என்று சீட்டு இல்லாதவரால் எப்படிச் சொல்ல முடியும்?

முக்கியமான ஓர் எச்சரிக்கை. பல ஆண்டு சமமாக இருந்த மார்பில் திடீரென ஒரு பக்கம் வீங்கினாலோ சுருங்கினாலோ, அதை அளவுப் பிரச்சினை என்று எண்ணி இருந்துவிடக் கூடாது. நீர் கோத்திருக்கலாம், பை கிழிந்திருக்கலாம். முதலில் ஸ்கேன், பிறகுதான் அளவு. சிலிகோன் பை வைத்தவர்கள் ஐந்தாறு ஆண்டு கழித்து ஒருமுறையும், பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கூறுகிறது.

இது ஆடம்பரமா?

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்பு அறுவை இலவசமாகச் செய்யப்படும் என்று அறிவிக்கப்பட்டபோது பெரிய விவாதம் எழுந்தது. உயிர் காக்கும் சிகிச்சைக்கே பணம் போதாதபோது அழகுக்கு ஏன் அரசு செலவு செய்ய வேண்டும் என்றார்கள் சிலர். அழகு சிகிச்சை ஏழைகளுக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று கேட்டார் அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர். இரு பக்கமும் வேறுபட்ட மார்பகத்தால் திருமணத்துக்கே தயங்கும் இளம் பெண்களையும், பாரத்தால் தோள்வலி முதுகுவலியால் வருந்துவோரையும் டாக்டர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

நம் சமூகத்தில் பெண்ணுடலைப் பற்றிய முடிவை மாமியாரும் நாத்தனாரும் கணவரும் சேர்ந்து எடுப்பது வழக்கம். “இந்த வயசில் இது எதற்கு?” என்ற ஒரே வாக்கியத்தில் பலருடைய கேள்வி அடங்கிப்போகிறது. அறுவை வேண்டாம் என்று அந்தப் பெண் சொன்னால் அதுவும் சரியான முடிவே. உள்ளாடைக்குள் வைக்கும் எடையுள்ள செயற்கை மார்பகமே போதும் என்று நிம்மதியாக வாழ்பவர்கள் எத்தனையோ பேர். வேண்டும் என்று சொன்னால், டாக்டரின் அறைக்குள் அவருடன் போய், அவர் கேட்கத் தயங்கும் கேள்விகளைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். என் மார்பின் அடி அகலம் எவ்வளவு? இந்த அளவு எதை வைத்து முடிவானது? மறு பக்கத்தையும் தொட வேண்டியிருக்குமா? எந்த அளவுக்குச் சமமாகும், எது சமமாகாது? இந்த நான்கு கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்லும் டாக்டரிடம் உடம்பை ஒப்படைக்கலாம். பதில் கிடைக்காவிட்டால் வேறொரு டாக்டரின் கருத்தையும் கேட்டுவிட்டுத் தேதி குறிப்பதே நல்லது.