டயாலிசிஸ் பையில் கலங்கல் தெரியுதா? காலை வரை காத்திருக்காதீங்க!

தாமிரபரணிக் கரைக்குப் போயிட்டு முங்கிக் குளிக்காமல் திரும்ப நெல்லைக்காரர்களுக்கு மனசு வராது. ஆனால் வயிற்றில் குழாய் பொருத்தி வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு அந்த ஒரு முங்கல் ஆபத்து. ஆறு, குளம், கிணறு எதுவானாலும் சரி, குழாய் வெளிவரும் இடம் தண்ணீரில் மூழ்கினால் கிருமிக்கு வழி திறந்த மாதிரிதான்.

சிஏபிடி எனப்படும் இந்த முறைக்கு மெஷின் வேண்டாம், கரண்ட்டும் வேண்டாம். பொதுவாக 2 லிட்டர் திரவத்தை வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டு, புதுப் பையை மாட்ட வேண்டும். ஒரு நாளைக்கு 3, 4 முறை. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்தப் பைகள் வீட்டுக்கே வருகின்றன. பெரிய நிம்மதிதான். ஆனால் பை வீட்டுக்கு வந்தால், சுத்தத்துக்கான பொறுப்பும் கூடவே வீட்டுக்கு வந்துவிடுகிறது.

கிருமி எங்கே நுழையுது?

பெரும்பாலும் பை மாற்றும் அந்த நேரத்தில்தான். அதனால் மாஸ்க் போட்டு, ஓடும் தண்ணீரில் சோப்பால் கை கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிட்ட பிறகே குழாயைத் தொட வேண்டும். கதவு, ஜன்னலைச் சாத்தணும், ஃபேனையும் நிறுத்தணும். சித்திரை வெயிலில் இது கொடுமைதான், ஆனால் வேறு வழியில்லை. குழாய் நுனி தெரியாமல் எதிலாவது பட்டுவிட்டால் தொடராதீங்க. குழாயை மூடிவிட்டு மருத்துவமனைக்கு போன் பண்ணுங்க. குழாய் வெளிவரும் இடத்தில் டாக்டர் சொன்ன ஆன்டிபயாடிக் களிம்பைத் தவறாமல் போடணும். மலச்சிக்கலையும் அலட்சியப்படுத்தக் கூடாது, குடலில் இருந்தும் கிருமி வரலாம்.

அறிகுறி என்ன?

வடித்த பையை நியூஸ்பேப்பர் மேல் வைத்துப் பாருங்க. எழுத்து தெளிவாகத் தெரியணும். மங்கலாகத் தெரிந்தாலோ, வயிறு வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போயாகணும். கலங்கிய அந்தப் பையைக் கொட்டிடாதீங்க, கையோடு கொண்டு போங்க. எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க அதுதான் ஆதாரம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு நீங்களாக மாத்திரை போடுவதும் வேண்டாம்.

சிகிச்சை எப்படி?

லேப் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல், பெரும்பாலும் டயாலிசிஸ் திரவத்திலேயே ஆன்டிபயாடிக் கலந்து வயிற்றுக்குள் செலுத்துவார்கள். வழக்கமாக 2 முதல் 3 வாரம் மருந்து தேவைப்படும். இரண்டு மூன்று நாளில் திரவம் தெளிந்துவிட்டாலும் பாதியில் நிறுத்தக் கூடாது. சரியான மருந்து கொடுத்தும் 5 நாளில் தெளியவில்லை என்றால் குழாயை எடுக்க வேண்டி வரலாம். பூஞ்சைத் தொற்று என்றால் தாமதிக்காமல் எடுத்துவிடுவார்கள். அதன்பிறகு சில காலமாவது ரத்த டயாலிசிஸ்தான், அதாவது வாரத்துக்கு 2, 3 முறை மருத்துவமனைக்கு அலைச்சல். அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறி வருகிறவருக்கு அது ஒரு முழு நாள்.

மழைக்காலத்தில் இன்னொன்று. 2023 டிசம்பர் வெள்ளம் நெல்லையில் எத்தனை தெருக்களை மூழ்கடித்தது என்று மறந்திருக்காது. பைப் பெட்டிகளைத் தரையில் வைக்காமல் பரண் மாதிரி உயரமான, வெயில் படாத இடத்தில் வையுங்க. வெள்ளத்தில் நனைந்த பை என்றால், மேலுறை கிழியாமல் இருந்தாலும் டயாலிசிஸ் நர்ஸிடம் கேட்காமல் பயன்படுத்தாதீங்க.