பிரித்த இன்ஜினும் உரிமையாளரின் உரிமையும்

மஸ்டா ஆர்எக்ஸ்-8 காரின் ரோட்டரி இன்ஜினில் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவ ரோட்டர்கள் இரண்டு உறைகளுக்குள் சுழன்று ஆற்றலைத் தருகின்றன. இத்தகைய இன்ஜினைப் புதுப்பிக்கும் செலவு, எந்தப் பாகத்தை மீண்டும் பொருத்தலாம், எதைக் கழிக்க வேண்டும் என்று பணிமனை எடுக்கும் முடிவைப் பொறுத்தே பெருமளவு அமைகிறது. அம்முடிவு பெரும்பாலும் உரிமையாளர் அருகில் இல்லாதபோது எடுக்கப்படுவதால், கவனக்குறைவும் ஏமாற்றும் நுழைய அங்கு இடம் மிகுதி.

ரோட்டரின் மூன்று முனைகளிலும் உள்ள அபெக்ஸ் சீல் என்னும் மெல்லிய பட்டை, உறையின் உட்சுவரை உரசியபடியே அழுத்தம் கசியாமல் காக்கிறது. சீல் தேய்வது இயல்பு, மாற்றுவதற்குரிய பாகமும் அதுவே. ஆனால் அது உரசும் பரப்பு கெட்டிருந்தால் புதிய சீலும் நெடுநாள் தாங்காது. உட்சுவரின் குரோமியப் பூச்சு உரிந்திருந்தால் உறையையே மாற்றுவதுதான் வழக்கம். வார்ப்பிரும்புப் பக்கத் தகடுகளில் ரோட்டரின் பக்கவாட்டில் உள்ள சைடு சீல் உரசி ஏற்படுத்தும் படித் தேய்மானத்துக்கு, மஸ்டாவின் முந்தைய மாடலான ஆர்எக்ஸ்-7 கால 13பி இன்ஜின்களின் பணிமனைக் கையேடு 0.10 மி.மீ. வரை மட்டுமே இடமளிக்கிறது. தகட்டைத் தேய்த்துச் சமன்செய்யலாம் என்றாலும், நைட்ரஜன் ஊட்டிக் கடினமாக்கிய மேலடுக்கு அதில் போய்விடக்கூடும் என்பதைப் பணிமனைகள் எப்போதும் சொல்வதில்லை. ஆகவே, அளவுகள் குறிக்கப்படாத 'புதிய சீல் போட்டாயிற்று' என்ற உறுதிமொழியைப் பாதிச் செய்தியாகவே கொள்ள வேண்டும்.

பிரிக்குமுன் அமுக்கச் சோதனை செய்யக் கோருவது நல்லது. சாதாரண அழுத்தமானி ரோட்டரின் மூன்று பக்கங்களில் உயர்ந்த அளவை மட்டுமே பிடித்துக் காட்டும் என்பதால், மூன்றையும் தனித்தனியே பதியும் ரோட்டரிக்குரிய கருவி தேவை. நிமிடத்துக்கு 250 சுற்றில் 680 கிலோபாஸ்கல் என்பதே ஆர்எக்ஸ்-8 இன்ஜினுக்குரிய குறைந்தபட்ச அளவு.

அமெரிக்காவில் 2004–2008 ஆர்எக்ஸ்-8 கார்களின் இன்ஜினுக்கு மஸ்டா 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என நீட்டித்த உத்தரவாதம் காலாவதியாகிவிட்டதால், உரிமையாளருக்கு எஞ்சியிருப்பது மாநிலச் சட்டமே. எடுத்துக்காட்டாக, கலிபோர்னியாவில் வேலை தொடங்குமுன் எழுத்துவழி மதிப்பீடும் ஒப்புதலும் கட்டாயம். மதிப்பிடுவதற்காகவே இன்ஜினைப் பிரிக்க வேண்டியிருந்தால், மீண்டும் பூட்டும் செலவையும், பிரிப்பதில் வீணாகும் சீல்கள் போன்றவற்றின் விலையையும் முன்கூட்டியே குறிக்க வேண்டும். பழைய நிலைக்குத் திரும்பாமற்போகும் வாய்ப்பிருந்தால் அதையும் எழுத வேண்டும். பயன்படுத்திய பாகமோ புதுப்பித்த பாகமோ பொருத்தப்பட்டால் பட்டியலில் அது தெரிய வேண்டும்.

கழற்றிய பாகங்களைத் திரும்பப் பெறும் உரிமையும் உண்டு. ஆனால் வேலையை ஒப்படைக்கும்போதே அதைக் கேட்டுவிட வேண்டும். பரிமாற்ற முறையில் விற்பனையாளருக்கு அனுப்ப வேண்டியவற்றைப் பார்வையிட மட்டுமே கோரலாம். தகராறு எழுந்தால் மாநில வாகனப் பழுதுநீக்கப் பணியகத்தில் புகார் அளிக்கலாம். அது சமரசத்துக்கு முயலும், பணிமனையின் உரிமத்தின்மீது நடவடிக்கையும் எடுக்கலாம், ஆனால் பணத்தைத் திருப்பித் தரும்படி ஆணையிட அதற்கு அதிகாரமில்லை. பணத்துக்குச் சிறு வழக்கு நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். அங்கு தனிநபர் 12,500 டாலர் வரை கோரலாம். அங்கே எடுபடும் சான்றுகள் அளவுத்தாளும், தேய்ந்த பரப்புகளின் படங்களும், கைக்கு வந்த பழைய பாகங்களுமே.