ஆண்டவரின் வருகையும் நமது பொறுமையும்

திருவருகைக் காலம் என்றதும் நம் இல்லங்களில் குடில் கட்டும் எண்ணமும், புத்தாடை வாங்கும் கவலையும் முந்திக்கொள்கின்றன. ஆயினும் திருச்சபை இக்காலத்தின் தொடக்கத்திலேயே நம்மைப் பெத்லெகேமுக்கு அழைத்துச் செல்வதில்லை. முதல் ஞாயிறு தொடங்கி டிசம்பர் 16 வரை, மாட்சியோடு மீண்டும் வரவிருக்கும் கிறிஸ்துவை நோக்கியே அது நம் கண்களைத் திருப்புகிறது. டிசம்பர் 17 முதல்தான் வழிபாடு பிறப்பு விழாவுக்கு நம்மை நேராக ஆயத்தம் செய்கிறது. தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்டவரும், நடுவராக வரவிருப்பவரும் ஒருவரே என்பதை நாம் மறந்துவிடலாகாது என்பதே திருச்சபையின் கருத்து.

அவர் மீண்டும் வருவார் என்பதை ஞாயிறுதோறும் விசுவாச அறிக்கையில் சொல்லுகிறோம். கி.பி. 325-இல் கூடிய நிசேயா பொதுச்சங்கம் இவ்வுண்மையைத் தன் அறிக்கையில் பதித்தது. அச்சங்கத்தின் 1700-ஆம் ஆண்டு நினைவைத் திருச்சபை 2025-இல் கொண்டாடியது. திருப்பலியில் எழுந்தேற்றத்திற்குப் பின் நாம் எழுப்பும் ஆர்ப்பரிப்பிலும் அவருடைய வருகையே குறிக்கப்படுகிறது. வாய் சொல்லுகிறது, உள்ளம் காத்திருக்கின்றதா? ஏறத்தாழ இருபது நூற்றாண்டுகள் உருண்டோடிய பின்பும் வராதவருக்காக இன்னும் எவ்வாறு காத்திருப்பது?

இக்கேள்வி புதியதன்று, திருச்சபையின் குழந்தைப் பருவத்திலேயே எழுந்தது.

தெசலோனிக்கேயரின் கண்ணீர்

கி.பி. 50-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மக்கேதோனியாவின் துறைமுக நகரான தெசலோனிக்கேயாவில் புனித சின்னப்பர் நற்செய்தியைப் போதித்தார். சில வாரங்களுக்குள் கலகம் மூண்டது. விசுவாசிகள் அவரை இரவோடு இரவாகப் பெரேயாவுக்கு அனுப்பிவைத்தனர். இளம்பயிர் போன்ற அச்சபை, ஆசிரியர் இன்றித் துன்பத்தின் நடுவே நின்றது. ஆண்டவர் விரைவில் வருவார் என்று அவர்கள் நம்பியிருந்தனர். ஆனால் அவர் வருமுன்னரே அவர்களுள் சிலர் இறந்துபோயினர். “இறந்தவர்கள் அவ்வருகையைக் காணாமற் போவார்களோ?” என்ற கலக்கம் அவர்களைப் பற்றிக்கொண்டது.

கொரிந்துவிலிருந்து சின்னப்பர் அவர்களுக்கு எழுதிய முதல் திருமுகமே புதிய ஏற்பாட்டு நூல்கள் யாவற்றிலும் பழமையானது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அழ வேண்டாம் என்று அவர் கட்டளையிடவில்லை. நம்பிக்கை அற்றவர்களைப் போல அழ வேண்டாம் என்றே தேற்றினார். இறந்தோர் பின்தங்கிவிட மாட்டார்கள். அவர்களே முதலில் உயிர்த்தெழுவார்கள் என்று உறுதி கூறினார்.

அங்கே வருகையைக் குறிக்க அவர் ஆளும் கிரேக்கச் சொல் ‘பரூசியா’ என்பது. பேரரசர் ஒருவர் நகருக்கு எழுந்தருளுவதை அக்கால மக்கள் அச்சொல்லால் குறித்தனர். அவ்வேளையில் நகரத்தார் வாயிலைக் கடந்து வெளியே சென்று, அவரை எதிர்கொண்டு, ஊருக்குள் அழைத்து வருவர். இவ்வழக்கம் நமக்குப் புரியாததன்று. ஆயர் நம் பங்குக்கு வருகை தரும் நாளில், மேளதாளத்தோடும் மாலையோடும் ஊர் எல்லையில் போய் நிற்கிறோம் அல்லவா? வீட்டைப் பெருக்கி, வீதியில் தோரணம் கட்டி, வழிமேல் விழி வைத்து நிற்கும் மக்களின் மகிழ்ச்சியே கிறிஸ்தவக் காத்திருத்தலின் சாயல். அச்சம் அதன் அடிப்படையன்று.

நாள் குறித்தவர்கள்

ஆயினும் காத்திருத்தலில் இரு தவறுகள் நேரக்கூடும். ஒன்று, நாளைக் கணக்கிடுவது. தந்தையைத் தவிர வேறெவரும் அந்நாளை அறியார் என்று ஆண்டவரே தெளிவாகக் கூறியிருக்கிறார். இருந்தும் கணக்கிட்டவர்கள் பலர். அமெரிக்க நாட்டில் வில்லியம் மில்லர் என்ற உழவர் மறைநூலைக் கணக்கிட்டு ஆண்டவரின் வருகையை முன்னறிவித்தார். அவரைப் பின்பற்றியோர் இறுதியில் 1844 அக்டோபர் 22-ஆம் நாளைக் குறித்தனர். விளைந்த பயிரை அறுக்காமலே விட்டுக் காத்திருந்தவர்களும் உண்டு. இரவு கழிந்தது, பொழுது விடிந்தது. அவர்கள் அழுத அழுகையை நாம் ஏளனம் செய்யலாகாது. அவர்களுடைய ஏக்கம் உண்மையானது. ஆனால் ஏக்கம் மட்டும் போதாது. இன்றும் உலக முடிவின் நாளைக் குறித்துக் கைப்பேசியில் வரும் செய்திகளைக் கண்டு கலங்குவோர் நம் பங்குகளில் இருக்கின்றனர். ஆண்டவர் மறைத்து வைத்ததை நமக்குச் சொல்ல எவருக்கும் அதிகாரம் இல்லை என்பதை உறுதியாகப் பற்றிக்கொள்வோமாக.

மற்றொன்று, வருகையைச் சாக்கிட்டுக் கடமையைக் கைவிடுவது. தெசலோனிக்கேயாவிலும் சிலர் வேலை செய்யாமல் சுற்றித் திரிந்தனர். அவர்களுக்கு எழுதிய இரண்டாம் திருமுகம், அமைதியாக உழைத்துத் தம் சொந்த உணவை உண்ணுமாறு கண்டிக்கிறது. ஆண்டவர் வரும்போது அடுப்படியிலோ வயலிலோ அலுவலகத்திலோ நம்மைக் கடமையில் காண்பாராயின், அதுவே நல்ல ஆயத்தம்.

உழவனின் பொறுமை

புனித யாகப்பர் தம் திருமுகத்தில் பொறுமைக்கு உழவனை எடுத்துக்காட்டுகிறார். பாலஸ்தீன நாட்டில் அக்டோபர், நவம்பரில் பெய்யும் முன்மழை வறண்ட நிலத்தை உழவுக்கு இளக்கும். மார்ச், ஏப்ரலில் பெய்யும் பின்மழை கதிரை முற்றச் செய்யும். இவ்விரண்டுக்கும் காத்திருப்பவன் உழவன். மழையைக் கொண்டுவர அவனால் இயலாது. ஆனால் மழை வரும்போது நிலம் உழப்பட்டிருக்க வேண்டும், விதை ஊன்றப்பட்டிருக்க வேண்டும், களை பறிக்கப்பட்டிருக்க வேண்டும். வானத்தைப் பார்த்திருப்பவன்தான், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பவன் அல்லன். காவிரிக் கரையில் தண்ணீர் வரவை எதிர்நோக்கி நாற்றங்காலை ஆயத்தம் செய்யும் நம் உழவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

இந்த உவமைக்குச் சற்று முன்னே யாகப்பர் கூறுவதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அறுவடை செய்தவர்களின் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்ட செல்வரை அவர் கடுமையாகக் கண்டிக்கிறார்; அக்கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார். அதன் பின்னரே பொறுமையாயிருங்கள் என்று சகோதரருக்குச் சொல்லுகிறார். ஆகவே அநீதியைக் கண்டு வாய் மூடியிருப்பது கிறிஸ்தவப் பொறுமை ஆகாது. கூலியை மறுப்பவனைக் கண்டித்த அதே நாவுதான் பொறுமையையும் போதித்தது.

இதை நம் குடும்பங்களுக்காகவே சொல்லுகிறோம். குடித்துவிட்டு வந்து மனைவியை அடிப்பவனின் வீட்டுக்கு, பொறுத்துக்கொள் மகளே என்று மட்டும் சொல்லி அவளைத் திருப்பி அனுப்புவது நல்ல ஆலோசனை அன்று. அவளுக்குப் பாதுகாப்பும், அவனுக்குக் கண்டிப்பும் தேவை. வரவிருப்பவர் நீதியுள்ள நடுவர். அவரை எதிர்பார்ப்பவர்கள் அவருடைய நீதியின் பக்கம் இப்போதே நிற்க வேண்டும். பழிவாங்கும் எண்ணத்தை மட்டும் அவர் கையில் விட்டுவிடுவோம், அதுவே பொறுமை.

சிறையில் ஓர் ஆயர்

நம் காலத்தில் இப்பொறுமைக்குச் சான்று பகர்ந்தவர் வியட்நாமின் பிரான்சிஸ் சேவியர் நுயென் வான் துவான் ஆண்டகை. 1975 ஏப்ரலில் சைகோனின் துணைப் பேராயராக நியமிக்கப்பட்ட அவர், அவ்வாண்டு ஆகஸ்டு 15, மரியன்னையின் விண்ணேற்பு விழாவன்று கைது செய்யப்பட்டார். விசாரணை ஏதுமின்றி 13 ஆண்டுகள் காவலில் கழிந்தன. அவற்றுள் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை.

விடுதலை என்று வருமோ என ஏங்கியே நாட்களைக் கழிக்கலாகாது என்று அவர் தீர்மானித்தார். கையிலிருக்கும் இன்றைய நாளை அன்பால் நிரப்பி வாழ முடிவு செய்தார். பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் தம் மந்தைக்குச் சிறு சிறு செய்திகளை எழுதி, ஒரு சிறுவன் மூலம் இரகசியமாக வெளியே அனுப்பினார். வயிற்று நோய்க்கு மருந்து என்ற பெயரில் வந்த திராட்சை இரசத்தில் மூன்று துளியும், தண்ணீரில் ஒரு துளியும் உள்ளங்கையில் ஏந்தித் திருப்பலி நிறைவேற்றினார். அவருடைய உள்ளங்கையே பீடம் ஆயிற்று. தம்மைக் காவல் காத்தவர்களையும் நேசித்தார். அவர்களுள் சிலர் அவருடைய நண்பர் ஆயினர்.

1988 நவம்பர் 21-இல் அவர் விடுதலை பெற்றார்; 2001-இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டு, மறு ஆண்டு செப்டம்பர் 16-இல் ஆண்டவரில் துயில் கொண்டார். 2017-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. விடுதலையின் நாள் அவருக்குத் தெரியாது. ஆயினும் தெரியாத அந்நாள் அவருடைய ஒரு நாளையும் வீணாக்கவில்லை.

நம் இல்லங்களில்

நம் வீடுகளிலும் காத்திருப்போர் எத்தனை பேர்! அயல்நாடு சென்ற மகனின் குரலுக்காகக் காத்திருக்கும் தாய், படுக்கையில் கிடக்கும் கணவனைத் திருப்பிப் படுக்கவைக்கும் மனைவி, குழந்தைச் செல்வத்துக்காக ஆண்டுக்கணக்கில் நவநாள் செய்யும் தம்பதியர், நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைமேல் மெழுகுதிரி ஏற்றும் பிள்ளைகள். இவர்கள் கேட்டது கேட்டபடியே கிடைக்கும் என்று நாம் வாக்களிக்க இயலாது. அவ்வாறு வாக்களிப்பது பொய். ஆனால் இக்காத்திருத்தல்கள் யாவும் ஒரே வருகையில் நிறைவு காணும் என்று திருச்சபையின் பெயரால் உறுதி கூறுகிறோம். எல்லாக் கண்ணீரும் துடைக்கப்படும் அந்நாளில், கல்லறைமேல் ஏற்றிய மெழுகுதிரியும் வீண்போகவில்லை என்று காண்போம்.

ஆகவே இத்திருவருகைக் காலத்தில் சில சிறு முயற்சிகளை மேற்கொள்வோம். மாலையில் குடும்பமாகக் கூடிச் செபமாலை சொல்லியபின், ஆண்டவரின் வருகைக்காக ஒரு நிமிடம் மௌனமாக வேண்டுவோம். நீண்ட நாள் பேசாதிருக்கும் உறவினரின் வாசலை நாமே முதலில் மிதிப்போம். கொடுக்க வேண்டிய கூலியையும் கடனையும் விழாவுக்கு முன் கொடுத்துத் தீர்ப்போம். நோயாளி ஒருவரோடு ஒரு மணி நேரம் அமர்ந்திருப்போம். ஊர் எல்லைக்குச் சென்று எதிர்கொள்ளும் மக்கள் செய்யும் ஆயத்தம் இதுவே.

தொடக்கத் திருச்சபை அரமேய மொழியில் ‘மாரநாத்தா’ என்று வேண்டியது. ‘எம் ஆண்டவரே, வாரும்’ என்பது அதன் பொருள். துன்புற்ற மக்களின் நாவில் பிறந்த அச்செபம் இன்று நம் நாவிலும் ஒலிப்பதாக. அவர் காலம் தாழ்த்துவதாக நமக்குத் தோன்றினாலும், அது நாம் மனந்திரும்ப அவர் தரும் அவகாசமே என்று புனித இராயப்பரின் திருமுகம் போதிக்கிறது. நாம் அவருக்காகக் காத்திருக்கிறோம். அவரோ நமக்காக அதைவிடப் பொறுமையோடு காத்திருக்கிறார்.