எது மெய்யான திருச்சபை?

ஞாயிறு திருப்பலியில் மறையுரை முடிந்ததும் நாம் எழுந்து நின்று விசுவாச அறிக்கை செய்கின்றோம். அதன் இறுதிப் பகுதியில் திருச்சபைக்குரிய நான்கு பண்புகள் கூறப்படுகின்றன. அது ஒன்று, அது தூயது, அது கத்தோலிக்கமானது, அது திருத்தூதர் வழிவந்தது. 381ஆம் ஆண்டு கொன்ஸ்தாந்திநோப்பிளில் கூடிய திருச்சங்கத்தோடு தொடர்புடைய இவ்வறிக்கையையே அங்கிலிக்கன் ஆலயங்களிலும் நற்கருணை வழிபாட்டின்போது சொல்லுகிறார்கள். சொற்கள் ஒன்றே. ஆனால் இப்பண்புகளை உடைய திருச்சபை எது என்று கேட்டால் பதில் ஒன்றாயிருப்பதில்லை.

இது இறையியல் நூல்களோடு நின்றுவிடும் கேள்வியன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமண வீட்டில், மெதடிஸ்த குடும்பத்தைச் சேர்ந்த மாப்பிள்ளையின் தாயார் என்னிடம், "அப்ப நாங்கள் போறது சபை இல்லையே, பாதர்?" என்று கேட்டார். அவர் கோபத்தோடு கேட்கவில்லை. அதனாலேயே பதில் சொல்வது கடினமாயிருந்தது.

மார்ட்டின் லூதர் 1521ஆம் ஆண்டு ஜனவரியில் திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டார். அவரைப் பின்சென்ற மக்களுக்கெனக் குருக்களைத் திருநிலைப்படுத்த ஆயர்கள் முன்வரவில்லை. ஆயரின்றித் திருச்சபை இல்லையென்றால் அம்மக்கள் எங்கே நிற்பது? இக்கேள்விக்கான பதில், 1530 ஜூன் 25ஆம் திகதி அவுக்ஸ்பேர்க் நகரில் பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸ் முன்னிலையில் வாசிக்கப்பட்டது. பிலிப் மெலாங்தன் வரைந்த அந்த அறிக்கையின் ஏழாம் பிரிவின்படி, நற்செய்தி தூய்மையாகப் போதிக்கப்பட்டு அருட்சாதனங்கள் முறையாக வழங்கப்படும் இடத்தில் திருச்சபை இருக்கின்றது. கல்வினும் இவ்விரு அடையாளங்களையே ஏற்றுக்கொண்டார். 1561ஆம் ஆண்டின் பெல்ஜிய விசுவாச அறிக்கை, சபைக் கட்டுப்பாட்டை மூன்றாவது அடையாளமாகச் சேர்த்தது. ஆயர் வழித்தொடர்ச்சி இவற்றுள் எதிலும் அடையாளமாகக் கூறப்படவில்லை. சுவீடனின் லூத்தரன் சபை ஆயர்களைத் தொடர்ந்து வைத்திருந்தது உண்மையே. எனினும் அது வேறு விடயம்.

கத்தோலிக்கத் தரப்பில் இதற்கு மறுமொழி தந்தவர்களுள் முதன்மையானவர் புனித றொபேட் பெலார்மின். திருச்சபை வெனிஸ் குடியரசைப் போலக் கண்ணுக்குப் புலப்படும் சமூகம் என்றார் அவர். ஒரே விசுவாசத்தை அறிக்கையிடுதல், ஒரே அருட்சாதனங்களில் பங்குகொள்ளுதல், திருத்தந்தையோடு ஒன்றித்த மேய்ப்பர்களுக்குக் கீழ்ப்படிதல் ஆகியவையே அதன் கட்டுகள். உள்ளத்தில் யார் தூயவர் என்பதை மனிதர் அறியார். வெளியே தெரியும் கட்டுகளை அறியலாம். இவ்விளக்கத்தில் ஒரு நேர்மை இருக்கின்றது; கூடவே ஒரு வறட்சியும் இருக்கின்றது. எல்லைக்கோடு வரைந்த குடியரசின் உவமையில், முறையாகத் திருமுழுக்குப் பெற்ற அயலவருக்கு இடம் எங்கே?

பெலார்மினுக்கு முன்னரே இரு தரப்பாரும் இக்கேள்வியைத் தொட்டிருந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். திருத்தந்தையர் மீது கடுஞ்சொற்களை வாரி வீசிய லூதரே, 1528இல் மறுதிருமுழுக்கை எதிர்த்து எழுதியபோது, திருத்தந்தையின் ஆட்சியின் கீழும் மெய்யான திருநூலும் திருமுழுக்கும் நற்கருணையும் உண்டென ஒப்புக்கொண்டார். மறுபுறம் திரெந்துச் சங்கம் 1547இல், பிரிந்து சென்றவர்கள் மூவொரு கடவுளின் பெயரால், திருச்சபை செய்வதைச் செய்யும் கருத்தோடு அளிக்கும் திருமுழுக்கும் மெய்யானதே என்று அறிவித்தது. ஒருவரையொருவர் சபித்துக்கொண்ட காலத்திலேயே இரு தரப்பாரும் மற்றவரிடம் கிறிஸ்துவுக்குரியது ஒன்று இருப்பதை மறுக்கவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பர் 21இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டின் எட்டாம் எண்ணில் இதுவே விரிவு பெற்றது. கிறிஸ்துவின் திருச்சபை கத்தோலிக்கத் திருச்சபையே 'ஆகும்' என்றிருந்த முன்வரைவு மாற்றப்பட்டு, அது கத்தோலிக்கத் திருச்சபையில் 'நிலைத்திருக்கின்றது' என எழுதப்பட்டது. அதன் புலப்படும் அமைப்புக்கு வெளியேயும் புனிதப்படுத்தும் கூறுகளும் உண்மையின் கூறுகளும் பல உண்டு என்று அதே பகுதி கூறுகின்றது. ஒரே ஒரு வினைச்சொல்தான். அதன் பொருளைக் குறித்து இறையியலாளர் இன்னமும் வாதிடுகின்றனர்.

2000ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத் திகதியிட்டு விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிக்கை, ஆயர் வழித்தொடர்ச்சியையும் நற்கருணை மறைபொருளின் முழுமையையும் காத்துக்கொள்ளாத சமூகங்கள் சொல்லின் சரியான பொருளில் திருச்சபைகள் அல்ல என்றது. 2007இலும் இதுவே மீண்டும் சொல்லப்பட்டது. கிழக்கின் ஓர்த்தடொக்ஸ் திருச்சபைகள் திருத்தந்தையோடு முழு ஒன்றிப்பில் இல்லாதபோதும் மெய்யான தலத்திருச்சபைகள் என ஏற்கப்படுவதும் இவ்வளவுகோலின்படியே. கோட்பாடு தெளிவானது. அது புண்படுத்தியதும் உண்மை. ஒரு நோயாளியின் கட்டிலருகே நம்மோடு செபித்தவரிடம் இதை எந்தக் குரலில் சொல்வது என்பதை எந்த ஏடும் கற்பிப்பதில்லை.

ஆயர் பற்றிய கேள்வி சீர்திருத்த சபையினருக்குள்ளேயே எவ்வளவு பாரமானது என்பதற்கு நமது யாழ்ப்பாணம் சாட்சி. 1816இல் இங்கு வந்த அமெரிக்க மிஷனரிமாரின் சபைகளில் ஆயர் இருக்கவில்லை. 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய ஒன்றிப்பு முயற்சி, 1947 செப்டெம்பர் 27இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையாக உருப்பெற 28 ஆண்டுகள் சென்றன. ஆயரை ஏற்பதா, முன்னர் ஆயரின்றித் திருநிலை பெற்றவர்களை என்ன செய்வது என்பனவே பெரும் தடைகள். பழையவர்கள் அவ்வாறே ஏற்கப்பட்டார்கள். இனிமேல் ஆயரே திருநிலைப்படுத்துவார் என முடிவாயிற்று. அதற்காக உழைத்த பேராயர் அசரியா 1945இன் முதல் நாளிலேயே காலமாகிவிட்டார். யாழ்ப்பாணத்தில் பேராயர் குலேந்திரன் பொறுப்பேற்றார்.

அந்தத் தாயாரிடம் நான் இவ்வளவும் சொல்லவில்லை. உங்கள் மகன் பெற்ற திருமுழுக்கு மெய்யானது, அதை நாங்கள் மீண்டும் கொடுக்கமாட்டோம் என்றேன். நற்கருணை மேசையில் இன்னும் ஒன்றாக அமர முடியாதிருப்பதை ஆண்டவரின் மன்றாட்டோடு (யோவான் 17:21) சேர்த்து இருவருமே சுமக்க வேண்டியிருக்கின்றது என்றும் சொன்னேன். அவர் தலையசைத்தார், ஏற்றுக்கொண்டாரோ தெரியாது.

அந்த மாப்பிள்ளை இப்போதும் மனைவியோடு ஞாயிறு திருப்பலிக்கு வருகிறார். நற்கருணை வேளையில் அவள் எழுந்து செல்ல, அவர் கால்களை ஒதுக்கி வழிவிடுகிறார். அவள் திரும்பி வந்து அவரருகே முழந்தாளிடும்வரை தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார்.