பூக்க மறுத்த பாத்தி

ஜனவரியில் உங்கள் வகுப்பு மாணவர்கள் பள்ளிக் கட்டடத்தின் தெற்குச் சுவரை ஒட்டிப் புல்தரையை வெட்டி, நீளமாக ஒரு பாத்தி கட்டிப் பத்துமணிப்பூ நட்டதாக வைத்துக்கொள்வோம். மார்ச் வரை பூத்துக் குலுங்கியது. மே மாதம் ஒரு மொட்டுகூட இல்லை. தண்ணீர் ஊற்றும் முறை யாருடையது என்று வகுப்பில் சண்டையே வந்துவிட்டது. பாவம், அந்த மாணவர் மீது தவறில்லை. வெயில் இடம் மாறிவிட்டது!

தெற்கு பார்த்த சுவர்தான் பூச்செடிக்கு நல்லது என்று இங்கிலாந்துத் தோட்ட நூல்கள் சொல்லும். அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கில்தான் நிற்கும். நாம் இருப்பதோ நிலநடுக்கோட்டின் பக்கத்தில். கோலாலம்பூர் ஏறக்குறைய 3 பாகை வட அட்சரேகையில் உள்ளது. அங்கு மார்ச் கடைசியில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். பிறகு வடக்கே நகர்ந்து, செப்டம்பர் நடுவில்தான் மீண்டும் உச்சிக்குத் திரும்பும். இடைப்பட்ட அந்த ஐந்தரை மாதமும் கிழக்கு மேற்காக நீண்ட கட்டடத்தின் தெற்குச் சுவரடியில் நேரடி வெயில் படாது. காலையிலும் இல்லை, மாலையிலும் இல்லை. வெயிலில்லாமல் பத்துமணிப்பூ மலராது.

வடக்குச் சுவருக்கு இதே கதை ஆண்டின் மறுபாதியில் நடக்கும். டிசம்பரில் 4 மீட்டர் உயரக் கட்டடத்தின் நிழல், நண்பகலிலேயே வடக்கே 2 மீட்டர் நீளும். உங்கள் பாத்தியின் அகலம் 1 மீட்டர் என்றால் முழுவதும் இருட்டுதான். ஆகவே கிழக்கு அல்லது மேற்குச் சுவரோரம் பாத்தி கட்டுங்கள். ஆண்டு முழுவதும் அரைநாள் வெயில் உறுதி. வேறு வழியில்லை என்றால் வெயிலையும் நிழலையும் தாங்கும் பாண்டான், மருள் போன்றவற்றை நடலாம்.

சுவரோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெட்சியின் (நம் வீடுகளில் இட்லிப்பூ) இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிமெண்டுச் சுவரிலும் கால்வாயிலும் உள்ள சுண்ணாம்பை மழைநீர் கரைத்து மண்ணில் சேர்க்கிறது. மண் காரத்தன்மை அடைந்தால் அதிலுள்ள இரும்புச்சத்து கரையாது. வேரால் உறிஞ்ச முடியாது. பழைய இலையிலுள்ள இரும்பு புதிய இலைக்கு எளிதில் நகராது என்பதால் இளம் இலையே முதலில் வெளுக்கும். நைட்ரஜன் குறைந்தாலோ பழைய இலைதான் முதலில் மஞ்சளாகும். எந்த இலை என்று பார்க்காமல் உரம் வாங்காதீர்கள்! வெட்சியைச் சுவரிலிருந்து தள்ளி நட்டு, மக்கிய இலை உரம் சேர்த்தால் போதும்.

இனி புல். நம் திடல்களில் உள்ள அகன்ற இலைப் புல், தரையோடு ஓடும் தண்டுகளின் கணுக்களில் வேர்விட்டுப் பாத்திக்குள் நுழைந்துவிடும். புல்லுக்கும் பாத்திக்கும் நடுவே 10 சென்டிமீட்டர் ஆழத்தில் சிறு பள்ளம் வெட்டி, மாதம் ஒருமுறை சீர்செய்யுங்கள். அந்த இடைவெளி செடிகளின் உயிரையும் காக்கும். புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிறு செடியின் அடித்தண்டில் பட்டுப் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால், உணவைக் கீழே கொண்டுசெல்லும் ஃபுளோயம் அறுந்துபோகும். நீரை ஏற்றும் சைலம் உள்ளே இருப்பதால் இலை சில வாரங்கள் பச்சையாகவே இருக்கும். வேர் பட்டினியால் சாகும். 'நன்றாகத்தானே இருந்தது' என்று நாம் வியப்பது இதனால்தான்.

மண்வெட்டியை எடுக்கும் முன் 1 மீட்டர் கோலைத் திடலில் செங்குத்தாக நட்டு நிழலை அளந்து பாருங்கள். மணி 12-க்கு அல்ல, 1-க்கும் 1.30-க்கும் இடையே நிழல் மிகக் குறுகும் நேரத்தில். 1982 ஜனவரி 1-இல் தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்தியதால் நம் நண்பகல் இவ்வளவு தாமதம். கோலாலம்பூரில் ஜூன் கடைசியில் நிழல் தெற்கே சுமார் 37 சென்டிமீட்டர் விழும். டிசம்பரில் வடக்கே 50.