கடனும் இல்லை, கோரிக்கையும் இல்லை: பிரிஸ்டல் அநாதை இல்லங்களும் கிருபையின் உண்மையும்

கிறிஸ்தவ மரபில் கிருபை என்பது மனிதர் தம் தகுதியால் ஈட்டாததும் கடவுள் தாமே மனமுவந்து அளிப்பதுமான தயவைக் குறிக்கும்; அந்தத் தயவு இன்று இருந்து நாளை மாறிவிடுவதன்று என்னும் உறுதியையே வேதாகமம் கடவுளின் உண்மை என்று பேசுகிறது. இவ்விரண்டையும் நம்பி வாழ்வதற்கு எதிராக நிற்பது பெரும் பாவச் செயல்களே என்று பலரும் எண்ணக்கூடும். ஆனால் மத்தேயு சுவிசேஷத்தின் 6ஆம் அதிகாரத்தில் இயேசு அந்த இடத்தில் நிறுத்துவது எதை உண்போம், எதை உடுப்போம் என்னும் மிகச் சாதாரணமான கவலையை. அப்பகுதி உழைப்பை விலக்கச் சொல்வதாகச் சிலர் பொருள் கொள்வதற்கு அங்கே இடமில்லை. அதில் எடுத்துக்காட்டாக வரும் பறவைகளும் பொழுது விடிந்தால் இரை தேடிப் பறந்தே ஆகவேண்டும். அங்கே விலக்கப்படுவது, நாளைய தேவையை இன்றே சுமந்து, அந்தச் சுமையின் பெயரால் கடவுளையும் அயலாரையும் மறந்துவிடும் மனநிலையே.

கிருபை காலைதோறும் புதிதாகிறது என்னும் கருத்து, கிறிஸ்தவர்கள் அதிகமாக எடுத்தாளும் கருத்துகளுள் ஒன்று. அது செழிப்பான நாளில் பிறந்த கருத்தன்று என்பது பெரும்பாலும் மறக்கப்படுகிறது. அது இடம்பெறும் புலம்பல் என்னும் நூல், கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாபிலோனியப் படையால் எருசலேம் முற்றுகையிடப்பட்டு, பஞ்சத்தில் வாடி, கடைசியில் இடிந்து விழுந்த பின்னர் எழுந்த ஒப்பாரிகளின் தொகுப்பு. ஆகவே கிருபையின் உண்மையை நம்புவது என்றால் தீங்கு நேராது என்று நம்புவதே என்று விளக்குவோர், அந்த நூலைத் தொடக்கத்திலிருந்து படிக்கவில்லை என்றே சொல்லவேண்டும்.

இந்த நம்பிக்கையை ஒரு பெரிய நிறுவனத்தின் அன்றாடச் செலவுக் கணக்கில் வைத்துச் சோதித்தவர் என்ற வகையில், 19ஆம் நூற்றாண்டின் ஜார்ஜ் முல்லர் தனித்துக் கவனிக்கத் தக்கவர். 1805இல் பிரஷ்யாவில் பிறந்த அவர், தந்தையின் பணத்தைத் திருடுவதும், விடுதிகளில் தங்கிவிட்டுக் கட்டணம் செலுத்தாமல் நழுவுவதுமாக இளமையைக் கழித்து, 16 வயதில் சிறைக்கும் சென்று வந்தவர். ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றபோது, 1825இல் ஒரு வீட்டில் நடந்த ஜெபக்கூட்டம் அவருடைய வாழ்வைத் திருப்பியது. பின்னர் இங்கிலாந்துக்குச் சென்று டெயின்மவுத் என்னும் கடலோர ஊரில் சபைப் போதகரான அவர், 1830இல் தமக்கு உரிய சம்பளத்தைத் துறந்தார். சபையாரில் வசதி படைத்தோர் ஆலய இருக்கைகளுக்குக் கட்டணம் செலுத்தி முன்வரிசையில் அமரும் வழக்கமே அச்சம்பளத்திற்கு ஆதாரமாக இருந்தது. அது ஏழைகளைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்பதும், கொடுப்பவர் மனமுவந்து கொடுப்பதைத் தடுக்கிறது என்பதும் அவர் கண்ட காரணங்கள். அதற்குப் பதிலாக ஆலயத்தில் ஒரு பெட்டி வைக்கப்பட்டது. விரும்பியவர் விரும்பியதை இடலாம்.

1832இல் அவர் பிரிஸ்டல் நகருக்குக் குடிபெயர்ந்தார். அவ்வாண்டு அந்நகரில் பரவிய காலரா பல குழந்தைகளை அநாதைகளாக்கியது. 1834ஆம் ஆண்டின் புதிய ஏழைகள் சட்டமோ, உதவி வேண்டும் வறியவர்களை வேலைக்கூடங்கள் எனப்பட்ட கடுமையான இல்லங்களுக்குள் தள்ளியது. ஆயினும் அநாதை இல்லம் தொடங்க முல்லர் கூறிய முதற்காரணம் அநாதைகள் அல்லர் என்பதே இந்த வரலாற்றின் வியப்பான செய்தி. அவர் போதகராகச் சந்தித்த விசுவாசிகளில் ஒருவர், குடும்பம் பட்டினி கிடக்குமோ என்ற அச்சத்தில் நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் உழைத்து உடலையும் ஆன்மாவையும் கெடுத்துக்கொண்டிருந்தார். வணிகர் சிலர், மனச்சாட்சி உறுத்தினாலும் முறையற்ற வழிகளை விட்டால் தொழில் படுத்துவிடும் என்று அஞ்சினர். முதியோர், கை கால் ஓய்ந்த பின் வேலைக்கூடத்தில் சாகவேண்டி வருமோ என்று நடுங்கினர். இவர்களுக்கு வேதவசனத்தை எடுத்துரைப்பது மட்டும் போதாது என்றும், கடவுள் இன்றும் உண்மையுள்ளவர் என்பதற்குக் கண்ணால் காணத்தக்க சான்று ஒன்று வேண்டும் என்றும் அவர் முடிவு செய்தார். கையில் பணமில்லாத ஒருவர், எந்த மனிதரிடமும் கேளாமல், ஜெபத்தை மட்டும் கொண்டு ஓர் அநாதை இல்லத்தை நடத்திக் காட்டினால் அதுவே சான்றாகும். குழந்தைகளின் நலன் அவருக்கு உண்மையான அக்கறைதான். ஆனால் அதை இரண்டாவதாகவே அவர் எழுதிவைத்தார்.

இந்த எண்ணத்தின் விதை ஹாலேயில் இருந்து வந்தது. அந்நகரில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்னும் பேராசிரியர் நிறுவிய அநாதை இல்லத்தில், வறிய இறையியல் மாணவர்களுக்கென ஒதுக்கப்பட்ட அறையில் முல்லர் சிறிது காலம் தங்கியிருந்தார். 1835இல் பிராங்கேயின் வாழ்க்கை வரலாற்றை மீண்டும் கையில் எடுத்தபோதே பிரிஸ்டல் திட்டம் உருப்பெற்றது. தமிழ் வாசகர்களுக்கு ஹாலே என்னும் பெயர் அந்நியமானதன்று. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு அதே ஹாலேயில் பயின்றவர். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் தமிழகத்திலிருந்து எழுதிய கடிதங்களை அச்சிட்டு ஐரோப்பாவெங்கும் பரப்பியது பிராங்கேயின் நிறுவனமே.

1836 ஏப்ரலில் வில்சன் தெருவில் ஒரு வாடகை வீட்டில், 30 சிறுமிகளுக்கென முதல் இல்லம் திறக்கப்பட்டது. அதை நடத்த அவர் வகுத்துக்கொண்ட நெறிகள் சிலவே எனினும் கடுமையானவை. பணத்திற்காக எந்த மனிதரிடமும் நேராகவோ குறிப்பாகவோ கோரிக்கை வைப்பதில்லை. எந்தக் காரணத்திற்காகவும் கடன் வாங்குவதில்லை, கடனுக்குப் பொருள் வாங்குவதும் இல்லை. கொடுத்தவரின் பெயரை வெளியிட்டு அவருக்குப் புகழ் சேர்ப்பதில்லை. வந்த ஒவ்வொரு காசையும் கணக்கில் எழுதி, ஆண்டறிக்கையாக அச்சிட்டு வெளியிடுவது. வந்தது ஒரு பென்னியானாலும் பழைய மோதிரமானாலும் கணக்கில் ஏறியது. பெயர் வெளியிடப்படாத கொடையாளி, தாம் அனுப்பியது சென்று சேர்ந்ததா என்பதை அறிக்கையைப் பார்த்து உறுதி செய்துகொள்ள முடிந்தது.

இந்த நெறிகளின் எடை 1838 முதல் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் முழுமையாகத் தெரிந்தது. அக்காலத்தில் இல்லங்கள் பெரும்பாலும் அன்றன்றைக்கு வந்ததைக் கொண்டே நடந்தன. காலையில் எழும்போது மாலை உணவுக்குப் பணமில்லாத நாட்கள் பல. பணியாளர்கள் கூடி ஜெபித்தார்கள், தம்மிடம் இருந்ததைத் தாமே கொடுத்தார்கள், இன்றியமையாதது அல்லாத எதையும் வாங்காமல் நிறுத்தினார்கள். முல்லரைப் பற்றி இன்று சபைகளில் சொல்லப்படும் கதை, வெறும் தட்டுகளின் முன் குழந்தைகள் நன்றி செலுத்திக்கொண்டிருக்கையில் ரொட்டிக்காரரும் பால்வண்டிக்காரரும் வாசலில் வந்து நின்றார்கள் என்பது. அக்கதையைவிட 1841ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த ஒன்று அவருடைய விசுவாசத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. ஆண்டறிக்கையை வாசித்துப் பொதுக்கூட்டம் நடத்தவேண்டிய அந்த நேரத்தில் கையிருப்பு வறண்டு கிடந்தது. கூட்டம் கூட்டினால் நிலைமை வெளிப்பட்டுப் பணம் வந்து குவியும் என்பது யாருக்கும் தெரிந்ததே. அவ்வாறு வருவது மறைமுகமான கோரிக்கையாகிவிடும் என்று கருதிய முல்லர், கூட்டத்தையும் அறிக்கையையும் சில மாதங்கள் தள்ளிப்போட்டார்.

பின்னர் வளர்ச்சி விரைவாக வந்தது. குழந்தைகளின் இரைச்சல் குறித்து வில்சன் தெருவாசி ஒருவர் முறையிட்டதைத் தொடர்ந்து, நகருக்கு வெளியே ஆஷ்லி டவுன் என்னுமிடத்தில் 1849 முதல் 1870 வரை ஐந்து பெரிய கட்டடங்கள் எழுந்தன. அவற்றில் ஏறத்தாழ 2,050 குழந்தைகள் தங்க முடிந்தது. முல்லரின் வாழ்நாளில் அவ்வில்லங்களில் வளர்ந்தவர்கள் 10,000க்கு மேல். 1857இல் சார்லஸ் டிக்கன்ஸ் தாம் நடத்திய வார இதழில் இவ்வில்லங்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அநாதைகளுக்கு அவர்களின் நிலைக்கு மிஞ்சிய கல்வி தரப்படுகிறது என்ற குறை அக்காலத்தில் எழுந்தது. இன்றைய வாசகர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

இனி ஓர் எதிர்வாதத்தை நேர்மையாகப் பார்க்கவேண்டும். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அச்சிடப்பட்டு, கடவுள் எப்படி எப்படித் தேவைகளைச் சந்தித்தார் என்று விவரிக்கும் ஓர் அறிக்கை, வெளிப்படையாகக் கேளாவிட்டாலும், விளம்பரம் அல்லாமல் வேறென்ன என்று அக்காலத்திலேயே பலர் கேட்டனர். அறிக்கையைப் படித்தவர்கள் கொடுத்தார்கள் என்பதை மறுக்க முடியாது. அறிக்கையே இல்லாதிருந்தால் இவ்வளவு பணம் வந்திருக்குமா என்பதும் நியாயமான ஐயமே. அறிக்கை வெளியாவதற்கும் பணம் வருவதற்கும் தொடர்பில்லை என்று காட்ட முல்லர் முயன்றார். அந்த விளக்கம் எல்லாரையும் நிறைவு செய்யக்கூடியதன்று. ஆனால் அவருடைய வழியின் மதிப்பு, பணம் வந்த பாதை அற்புதமானதா இயல்பானதா என்னும் வினாவைச் சார்ந்ததன்று. கடவுள் மனிதரின் மனங்களைத் தூண்டியே கொடுக்கிறார் என்றுதான் அவரும் நம்பினார். தேவை நெருக்கியபோது கடனுக்கு ஓடாமலும், அனுதாபத்தைச் சந்தைப்படுத்தாமலும், கணக்கை மறைக்காமலும் இருக்க அந்த நம்பிக்கை அவருக்கு வலிமை தந்தது என்பதே இங்கு எடைபோட வேண்டியது. கவலை மனிதரை எந்தச் செயல்களுக்கெல்லாம் துரத்துகிறதோ, அவற்றிலிருந்து அது அவரைக் காத்தது.

விசுவாச வரம், விசுவாசக் கிருபை என்று முல்லர் பிரித்துக்கூறியதும் இத்துடன் சேர்த்து நோக்கத்தக்கது. வரம் என்பது சிலருக்கு மட்டும் அளிக்கப்படும் தனித்திறம். கிருபை என்பது ஒவ்வொரு விசுவாசிக்கும் உரியது, பயிற்சியால் வளர்வது. தம்மிடம் இருப்பது பின்னதே என்று அவர் வலியுறுத்தினார். அவரைப் புனிதராகப் போற்றித் தூரத்தில் வைப்பது, அவருடைய நோக்கத்தையே முறியடிப்பது; 16 மணி நேரம் உழைத்த அந்தப் பிரிஸ்டல் மனிதருக்கு, இவரால் முடியும், எனக்கு இயலாது என்ற சாக்கை அது கொடுத்துவிடும்.

கேட்டதெல்லாம் கிடைத்த வாழ்வும் அன்று அது. அவருடைய மகன் 1835இல் கைக்குழந்தையாகவே இறந்தான். ஏறத்தாழ 40 ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனைவி மேரி 1870இல் மறைந்தபோது, கடவுள் நல்லவர், நன்மையே செய்கிறவர் என்னும் பொருள் கொண்ட 119ஆம் சங்கீத வரியை எடுத்து, அவளைத் தந்ததிலும், இத்தனை காலம் உடன் வைத்ததிலும், எடுத்துக்கொண்டதிலும் அவர் நல்லவரே என்று அடக்க ஆராதனையில் முல்லரே பிரசங்கித்தார். காணிக்கை செலுத்தினால் பன்மடங்கு திரும்பி வரும் என்று போதிக்கும் இக்காலத்துச் செழிப்பு உபதேசத்திற்கும் முல்லரின் விசுவாசத்திற்கும் உள்ள தொலைவை இந்தப் பிரசங்கம் ஒன்றே அளந்துகாட்டும். அங்கே கடவுள் முதலீட்டுக்கு உரிய பலனைத் தரக் கடமைப்பட்டவர். இங்கே அவர் எடுத்துக்கொள்ளும்போதும் நம்பத்தக்கவர்.

முல்லரின் இந்த வழிக்குத் தமிழகத் தொடர்பும் உண்டு. மேரியின் அண்ணன் ஆண்டனி நாரிஸ் குரோவ்ஸ், எக்சிட்டர் நகரில் நல்ல வருவாயுடன் பல்மருத்துவராக இருந்தவர். சேமித்து வைப்பதை விட்டு முழுவதையும் ஊழியத்திற்குக் கொடுக்கவேண்டும் என்று 1825இல் சிறுநூல் எழுதி, அதன்படியே தொழிலை விட்டு பாக்தாதுக்குச் சென்று, 1833இல் இந்தியா வந்தார். சம்பளத்தைத் துறக்கும் துணிவை முல்லருக்கு ஊட்டியதில் அவருக்குப் பங்குண்டு. குரோவ்ஸோடு சேர்ந்து உழைத்த திருநெல்வேலிச் சீமைத் தமிழர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன், மிஷனரிச் சங்கங்களின் மாதச் சம்பளத்தை ஏற்காமல் ஊழியம் செய்து, 1840இல் கிறிஸ்தியான்பேட்டை என்னும் குடியிருப்பை உருவாக்கினார். 1860இல் திருநெல்வேலிப் பகுதியில் பரவிய எழுப்புதலில் முன்னின்றவர் அவரே. மிஷனரிச் சங்கத்தின் சம்பளமே உள்ளூர் ஊழியரின் ஒரே ஆதாரம் என்றிருந்த காலத்தில் ஒரு தமிழர் அதை மறுத்தது பிரிஸ்டல் செய்தியைவிடச் சிறிய செய்தியன்று. ஆயினும் முல்லரை அறிந்த தமிழ்ச் சபைகளில் பல அருளப்பனை அறியவில்லை. பின்னர் 1901 முதல் டோனாவூரில் குழந்தைகளைக் காத்து வளர்த்த ஏமி கார்மைக்கேலும், பணத்திற்காக எவரிடமும் கோரிக்கை வைப்பதில்லை என்ற அதே நெறியில்தான் நின்றார்.

முல்லர் 1898 மார்ச் 10 அன்று 92 வயதில் இறந்தார். அவருடைய கைவழியே வந்து சென்ற தொகை ஏறத்தாழ 15 இலட்சம் பவுண்டு. அவர் விட்டுச்சென்ற சொத்து, வீட்டுப் பொருள்களையும் சேர்த்து, 200 பவுண்டுக்கும் குறைவு.