ரெண்டாவது மிட்டாய் வருமா?

திருப்பூர்ப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமையின் அருமை தெரியும். பனியன் கம்பெனிகளில் பெரும்பாலும் அன்றைக்குத்தான் வாரச் சம்பளம். புதுச் செருப்பு கேட்டாலும் சரி, சைக்கிளுக்கு டியூப் கேட்டாலும் சரி, "சனிக்கிழமை பாக்கலாம் கண்ணு" என்று பதில் வரும். சாமியிடம் கேட்டதற்கு மட்டும் கிழமை சொல்ல ஆளில்லை. அதுதான் சிரமம்.

வேண்டுதல் எப்போது பலிக்கும் என்று அளக்க எந்த ஆய்வகத்திலும் கருவி கிடையாது. ஆனால் காத்திருக்கும் மனசை அளந்து பார்த்திருக்கிறார்கள், மிட்டாயை வைத்து!

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷல் என்ற உளவியலாளர் 1960களின் கடைசியில் தொடங்கிய சோதனை இது. தின்பண்டத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பிள்ளையை உட்கார வைப்பார்கள். "இப்பவே வேணும்னா கொஞ்சம்தான். நான் திரும்பி வர்ற வரைக்கும் பொறுத்தா நிறைய." சில பிள்ளைகள் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். சிலர் தமக்குத்தாமே பாட்டுப் பாடினார்கள். தூங்க முயன்றவர்களும் உண்டு! தின்பண்டத்தையே பார்த்துக்கொண்டு இருந்தால் பொறுமை சீக்கிரம் போய்விடும் என்று தெரிந்தது.

பொறுக்காத பிள்ளைக்கு மனஉறுதி போதாது என்று ரொம்ப நாள் பலரும் பேசிக்கொண்டிருந்தார்கள். செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளருக்கு அதில் சந்தேகம். வீடில்லாத குடும்பங்கள் தங்கும் ஒரு விடுதியில் அவர் தொண்டு செய்தவர். அங்கே ஒரு பிள்ளையின் கையில் இருப்பதை இன்னொன்று எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளும். அந்தப் பிள்ளைகள் மிட்டாயை உடனே வாயில் போட்டுக்கொள்ளத்தானே செய்வார்கள்?

ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அவரும் நண்பர்களும் 28 பிள்ளைகளை அழைத்தார்கள். முடிவு 2013இல் வெளியானது. முதலில் தேய்ந்துபோன பழைய கிரேயான். "கொஞ்சம் பொறு, புதுசு கொண்டு வர்றேன்" என்று சோதனை நடத்தும் அக்கா வெளியே போவார். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி புதுசு வந்தது. மீதிப் பேரிடம், "மன்னிச்சுக்கோ, இல்லையாம்" என்று வெறுங்கையோடு வந்து நின்றார். ஸ்டிக்கரிலும் அதே கதை. அப்புறம்தான் மிட்டாய். 15 நிமிடம் பொறுத்தால் ரெண்டு.

சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட 14 பேரில் 9 பேர் முழுசாகப் பொறுத்தார்கள். ஏமாந்த 14 பேரில் ஒரே ஒரு பிள்ளை! சராசரியாக முதல் கூட்டம் 12 நிமிடம், இரண்டாவது கூட்டம் 3 நிமிடம். இனிமேல் தம்பி மிட்டாயைப் பிடுங்கித் தின்றால், நேற்று அவனிடம் என்ன சொல்லி ஏமாற்றினோம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் இந்தச் சோதனைக்கும் பிடிபடாத ஆட்கள் உண்டு. திருப்பூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது அவிநாசி. குளத்தில் குளிக்கப் போன பையனை அங்கே முதலை விழுங்கிவிட்டது என்கிறது பெரியபுராணம். தப்பித்த கூட்டாளிக்குச் சில வருடம் கழித்துப் பூணூல் கல்யாணம், எதிர்வீட்டிலோ அழுகை. அந்த வழியாகச் சிவனைப் பாடும் அடியார் சுந்தரர் வருகிறார். பையனைப் பறிகொடுத்த அப்பாவும் அம்மாவும் அழுகையை மறைத்துக்கொண்டு முகமலர்ச்சியோடு ஓடி வந்து கும்பிடுகிறார்கள். பிள்ளையைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கவே இல்லை. விசாரித்தபோதும், அது பழைய சங்கதி, உங்களைப் பார்த்ததே போதும் என்கிறார்கள். சுந்தரர் குளக்கரையில் பதிகம் பாட, முதலை பையனைக் கரையில் கொண்டுவந்து உமிழ்கிறது. இத்தனை வருட வளர்ச்சியோடு!

முதலை வயிற்று அமிலம் எலும்பையே கரைக்கும் என்று உங்கள் அறிவியல் டீச்சர் சொல்வார். சரிதான். நான் பார்ப்பது அந்த அப்பா அம்மாவை. புதுக் கிரேயானைக் கண்ணால் பார்த்த பிள்ளைகள் நம்பினார்கள், அது கணக்குக்குள் வருகிறது. இவர்கள் எதைப் பார்த்து நம்பினார்கள்? அதற்குச் சோதனை செய்ய இதுவரை எனக்கு வழி தோன்றவில்லை.

வீட்டில் செய்ய ஆசையா? தங்கச்சி முன்னால் ஒரு தேன்மிட்டாய் வைத்து 5 நிமிடம் பொறுக்கச் சொல்லுங்கள். பாட்டுப் பாடிக்கொண்டு ஒருநாள், சும்மா உட்கார்ந்து ஒருநாள். எதில் அதிக நேரம் தாங்குகிறாள் என்று குறித்து வையுங்கள். ஏமாற்றிப் பார்க்கும் பாதியை மட்டும் செய்யவேண்டாம். ரெண்டாவது மிட்டாயை முன்கூட்டியே வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.